அமைச்சர் முடிக்காத முகம்

ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அந்தச் சிற்பிக்கு ஆயுளுக்கும் மறக்காது. களிமண்ணில் தலை பிடிப்பது அவர் தொழில். ஆலை முதலாளி, தலைமையாசிரியை, ஓய்வுபெற்ற நீதிபதி என்று ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லாம் அவருடைய பட்டறை முக்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். களிமண்ணில் பிடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, வெண்கலத்தில் வார்த்துக் கொடுப்பார். புகைப்படத்தைப் பார்த்து மட்டும் செய்ய மாட்டார். ஆள் எதிரே உட்கார வேண்டும், அது அவர் பிடிவாதம்.

வீட்டின் பின்பக்க அறைதான் பட்டறை. தேநீர் கொண்டுவரும் மனைவி அத்தனை முகங்களையும் தாண்டித்தான் வருவாள். ஒருநாள் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"ஊர்ல இருக்கிற மூக்கெல்லாம் செஞ்சாச்சு. என் மூக்குன்னா மட்டும் களிமண் தீந்துபோயிடுதா?"

சுருக்கென்றது அவருக்கு. மறுநாளே அவளை முக்காலியில் உட்கார வைத்தார். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, கேலி பேசும்போது ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும் உதடும் வந்தது. "இன்னும் ரெண்டு தடவை உக்காந்தா முடிஞ்சிடும்" என்றார். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். ஈரத்துணியைச் சுற்றி, மேலே பாலித்தீன் உறையைப் போட்டு மூடினார்.

அந்த வாரம்தான் சாலையை அகலப்படுத்த அவர் தெருவிலிருந்த பட்டறைகளை இடிக்கப்போவதாக நகராட்சி அறிவித்தது. தச்சர், பூட்டுக்காரர், அச்சகத்தார் எல்லாரும், பெரிய மனிதர்களைத் தெரிந்தவர் என்று இவரை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். நகராட்சித் தலைவர் அறையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. எதிரே இருந்தவரின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த பார்வையில் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. இரண்டாம் நாள் உத்தரவு வாபஸ்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாய் திறக்காமலே பிழைத்தார். பேசாத ஆள் கிடைத்தால் எந்தக் கட்சி விடும்? கொத்திக்கொண்டு போனார்கள். முதலில் நகராட்சி, அடுத்து நாடாளுமன்றம். பிரச்சாரத்தில் ஒருவனை நிறுத்தி, "உங்க அண்ணனுக்கும் இதே காதுதானே?" என்று கேட்டால் அந்த வீட்டு ஓட்டு முழுக்க இவருக்குத்தான். சபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். தொழிலாளர் துறை அமைச்சரான பிறகு, வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தைகளில் இரு தரப்பும் கத்தி ஓயும்வரை இவர் அசைய மாட்டார். கடைசியில் இவரிடமிருந்து தப்பித்தால் போதும் என்று கையெழுத்துப் போடுவார்கள். பத்திரிகைகள் ஆகா ஓகோ என்று எழுதின.

தலைநகரிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்வார். "துணி ஈரமா இருக்கா?" என்று கேட்கத் தவறியதே இல்லை. அவளும் "இருக்குங்க" என்பாள். இதைப் பெரிய அக்கறை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

விடுமுறைக்கு வராமல் இல்லை. வந்தால் கூடத்தில் கூட்டம். ஒரு தடவை சட்டைக் கையை மடித்துக்கொண்டு பட்டறை வாசல்வரை போனார். அதற்குள் கட்சித் தலைவரின் அழைப்பு. "அடுத்த தடவை கண்டிப்பா" என்றார். முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து உள்ளே போனாள். தலைக்கு மேல் வேலை என்று அரசியல்மீது பழி போடுவது சுலபம். வந்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் போக நேரமிருந்த மனிதருக்குப் பின்னறைக்குப் போக நேரமில்லை, அவ்வளவுதான்.

நாலாவது தேர்தலில் ஜனங்கள் அவரைக் கைவிட்டார்கள். கார் போயிற்று, கூட்டமும் போயிற்று. வீடு திரும்பிய வாரமே கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குள் போனார். மனைவியைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு உறையைப் பிரித்தார். பூஞ்சை வாடை அடித்தது. துணியை மெதுவாக உரித்தார்.

முகம் இல்லை. வருஷக்கணக்காக ஊற்றிய தண்ணீரில் மூக்கு கரைந்து, உதடு வழிந்து, எல்லாம் மழமழவென்று ஒரே உருண்டையாக இருந்தது. உள்ளே நிறுத்தியிருந்த கம்பியின் துரு கழுத்து வழியே வடிந்திருந்தது.

பரவாயில்லை, புதிதாகப் பிடிக்கலாம் என்று களிமண்ணைக் கிள்ளினார். உதட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மேலே ஏறுவது எந்தப் பக்கம்? ஆயிரம் காதுகளை நினைவில் வைத்திருந்தவருக்கு அது வரவில்லை. எதிரே பார்த்தார். அந்த உதடு இப்போது எந்தப் பக்கமும் ஏறவில்லை. அமைச்சர் அலுவலகத்து வராண்டாவில் மனுவோடு காத்திருப்பவர்கள் உட்காருகிற மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்ப கரைஞ்சுது?"

"அது ஆச்சுங்க, பல வருஷம்."

"தெரிஞ்சுமா தண்ணி ஊத்திட்டிருந்த?"

"போன்ல நீங்க வீட்டப் பத்திக் கேட்டது அது ஒண்ணுதான். இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் என்னத்தக் கேப்பீங்க?"

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அவர் கையிலிருந்த களிமண்ணைக் கீழே வைத்தார். அவள் காலை நீட்ட முயன்று முகம் சுளித்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டி வலிக்குதா உனக்கு?" என்றார். "எப்பலேர்ந்து?"

இப்படியொரு கேள்வி அவரிடமிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

"ரெண்டாந்தடவ ஜெயிச்சீங்கல்ல, அந்த வருஷத்திலேர்ந்து."