வாசலில் நாற்பது ஜோடி

தரையில் சம்மணமிட்டு, பெரியவர் ராமாமிர்தத்தின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடிக்கிறாள் சந்திரலேகா. "பேண்ட் தைக்கப் போறியா பாப்பா?" என்கிறார் அவர். நாற்காலியின் உயரத்துக்காக என்று சொன்னால் நம்ப மாட்டார். இதுவரை யாரும் நம்பியதில்லை.

கடலூரில் அவளுக்கு ஓர் அறை அலுவலகம். வயதானவர்கள் பகலில் வந்து, நாலு பேரோடு பேசி, கை கால்களை வீசிப் பழகிவிட்டுப் போகும் மையங்களுக்கு வரைபடம் போடுவது தொழில். டவுன் பஸ்ஸில் ஏறும்போதே படியைச் சாண் போட்டு அளப்பாள், கண்டக்டர் முறைப்பார். கல்யாண மண்டபத்தில் முதலில் பார்ப்பது கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்பதை. மாப்பிள்ளை, பெண் எல்லாம் அப்புறம்தான். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது என்று கேட்பாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். இவளுக்குச் சிதம்பரத்தில் சறுக்கியது. அங்கே கட்டிய மையத்தில் படியே கிடையாது, அழகான சாய்தளம். திறப்பு நாளன்று வந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். சாய்தளம் முழுக்க நாற்பது ஜோடி. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம் வீட்டோடு இருந்த தைலம்மாளுக்கு வாக்கரை ஊன்ற இடமில்லை.

"இது நல்லா நடக்குறவுங்களுக்குக் கட்டுனது பாப்பா. நான் வூட்லயே கெடக்குறேன்" என்று வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டார்.

சந்திரலேகாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் வீட்டு வாசலிலும் தினமும் செருப்பைத் தாண்டித்தானே போகிறோம், இது எப்படித் தோன்றாமல் போனது என்று வெட்கமாக இருந்தது. பத்தே நாளில் சாய்தளத்தின் அடியில், நிழலில், உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சு, பிடித்து எழக் கம்பி, பக்கத்தில் செருப்பு அலமாரி எல்லாம் வந்தன. பிறகு தைலம்மாள் வீட்டுக்கு மூன்று முறை நடந்தாள்.

"ஒரே ஒருவாட்டி வரேன். அதுக்கு மேல என்னைக் கூப்புடக் கூடாது."

வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார், கம்பியைப் பிடித்து எழுந்தார். சாய்தளம் காலியாக இருந்தது. பாதி ஏறியதும் வாக்கர் ஒருமுறை ஆடியது. சந்திரலேகாவின் வலது கை தானாக நீண்டது. அதை இழுத்து, முதுகுக்குப் பின்னால் இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

தைலம்மாள் நின்று மூச்சு வாங்கினார். வாக்கரை மறுபடி ஊன்றினார். மெல்ல உள்ளே போனார். ஃபேனுக்குக் கீழே இடமிருக்கிறதா என்று யாரையோ அவர் அதட்டும் குரல் கேட்ட பிறகுதான் சந்திரலேகா தன் கையை விட்டாள்.