காரைக்காலில் பின்பக்கமாகத் திறந்த புத்தகம்

திங்கட்கிழமை, காலை ஏழு மணி. மாயவரத்தில் நான் ஏறிய ரயில் பேரளத்தில் என்னை இறக்கிவிட்டுத் திருவாரூர்ப் பக்கம் போய்விட்டது. காரைக்கால் வண்டி எதிரே தயாராக நின்றது. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆறரை அணா; தூரம் பதினாலு மைல் சொச்சம்.

என் பெட்டியில் புடவைகளைவிடக் காகிதம்தான் அதிகம். மதராஸில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழக மொழித்துறை, எழுத்தறியாத பெண்களுக்காக ஒரு வாசிப்புப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், படம் வேண்டுமா, எந்தச் சொல்லில் தொடங்குவது என்றெல்லாம் பார்த்து வர, மாதிரிப் பிரதிகளோடும் கேள்வித் தாள்களோடும் என்னை அனுப்பியிருந்தார்கள். துறையில் நான்தான் புதியவள், வேலையும் தற்காலிகம். பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில மாதங்களே ஆன ஊரில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்பது எங்கள் பேராசிரியரின் எண்ணம்.

அம்பகரத்தூரில் கோயிலுக்குப் போகும் பெண்கள் இறங்க, பெட்டி காலியாயிற்று. எதிரே இருந்த விழிதியூர் விவசாயி ஒருவர் காலை நீட்டிக்கொண்டார்.

“போன வருசம் வந்திருந்தீங்கன்னா பொட்டியைப் பிரிச்சுக் கொட்டியிருப்பானுங்க, சுங்கக்காரனுங்க,” என்றார். “இப்ப கேக்க ஆளில்ல. உள்ள என்னம்மா?”

“காகிதங்க.”

“அதையுந்தான் பிரிச்சிருப்பான்.”

எட்டே முக்காலுக்குக் காரைக்கால். ஜட்காவுக்கு நாலணா. நகராட்சிக் கட்டடத்தை வண்டிக்காரர் இன்னும் பிரெஞ்சில் ‘மேரி’ என்றே சொல்லிக்கொண்டு அதைச் சுற்றி ஓட்டினார். கோவில்பத்தில் பெண்கள் பள்ளி ஆசிரியை தனபாக்கியம் வீட்டில் தங்க ஏற்பாடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உரக்கப் பேசுவார், வேகமாக நடப்பார். “முஸ்லிம் தெருவுப் பிள்ளைங்க நெறைய பேரு என்கிட்ட படிக்கிறாங்க. என்னோட வந்தா கதவு தொறக்கும்,” என்றார். திறந்தது.

செவ்வாய்க்கிழமை. பதினொரு வீடுகள். எங்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். எங்கும் என் முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: “படிக்கத் தெரியாதுங்க.” கடைசி வீடு ருகையாவுடையது. கணவர் சைகோனில் கடை வைத்திருந்தார். மகள் ஜைனபு தனபாக்கியத்தின் வகுப்பில் படித்தாள். ருகையாவிடம் மாதிரிப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பின்னட்டையை மேலே வைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். நான் தாளில் எழுதினேன்: ‘படிக்கத் தெரியாது. புத்தகம் பிடிக்கவும் பழக்கமில்லை.’

மறுநாள் காலையில் பதினொரு தாள்களையும் கட்டி மதராஸுக்குத் தபாலில் சேர்த்தேன். இவ்வளவு சுலபமாக வேலை நடக்கிறதே என்று எனக்கு உற்சாகம்.

வியாழக்கிழமை, பதினொரு மணி. ருகையா வீட்டில் விட்டுவந்த பிரதியை வாங்கப் போனேன். தபால்காரர் அப்போதுதான் போயிருந்தார். ருகையா முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கடிதத்தில் வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். “மழை விட்டபாடில்லை. உன் சளி எப்படியிருக்கிறது?” சுத்தமான தமிழ்.

“யாரு எழுதினதுக்கா?”

“ஜைனபு வாப்பாதான்.”

“நீங்களே படிக்கிறீங்களே!”

“எனக்கு வந்த கடுதாசியப் பின்ன யாரு படிப்பாங்க?”

“படிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்களேக்கா?”

“நீங்க படிப்பையில்ல கேட்டீங்க? நான் பள்ளிக்கூடம் போவலையே. இது ஓதுற எழுத்து. அதுல நம்ம தமிழ எழுதுறோம், அவ்வளவுதான்.”

கடிதத்தைக் காட்டினார். அரபு எழுத்துகள், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதலாகச் சில புள்ளிகள். அரபுத்தமிழ் என்று வகுப்பில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறேன். பழைய சுவடிகளில் இருக்கும் சங்கதி என்று நினைத்திருந்தேன்.

ருகையா என் பென்சிலை வாங்கிக் கேள்வித் தாளின் பின்புறத்தில் ஏதோ எழுதினார். “இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

“சரோஜா. உங்க பேருதான் தங்கச்சி. அப்ப, உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நான் எழுதிக்கிடட்டுமா?”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தெருவுக்கு வந்த பிறகுதான் தபாலில் சேர்த்த தாள்கள் நினைவுக்கு வந்தன. புத்தகம் பிடிக்கத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி என் கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். வலமிருந்து இடமாகப் படிக்கும் தன் வழக்கப்படி அவர் சரியாகத்தான் திறந்தார். மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தபாலாபீஸ் வரை நடந்து தந்தி கொடுத்தேன்: ‘தாள்கள் தவறு. சேர்க்க வேண்டாம். கடிதம் வருகிறது.’

குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிவிட்டு நிமிர்ந்தார். “யாரு தப்புங்க?”

“என்னோடதுதாங்க.”

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். சனிக்கிழமை மாலை பதில் தந்தி வந்தது: ‘எல்லா வீட்டுக்கும் மறுபடி போகவும். ஒரு வாரம் கூடுதலாகத் தங்கவும்.’ தனபாக்கியம் அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, “மொதல்ல சாப்பிடுங்க,” என்றார்.

மறுபடி போனேன். இந்தத் தடவை, “கடுதாசி வந்தா எப்படிப் படிப்பீங்க?” என்று தொடங்கினேன். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்கள் உள்ளே போய்க் கடிதங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் எடுத்து வந்தார்கள். கதீஜா என்பவர் மட்டும் முகம் சுண்டிப்போனார். “எனக்கு ரெண்டும் தெரியாது. அதைக் கேக்கவா ரெண்டாந்தடவ வந்தீங்க?” நாளை மாலை ருகையா வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார்.

அங்கே ருகையாவும் நானும் ஒரு தாளைத் தயாரித்தோம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பக்கத்தில் அவருடைய எழுத்து. முதல் நாள் ‘படம்’ என்ற சொல்லை அவர் ‘ம்-ட-ப’ என்று வலப்புறமிருந்து படிக்க, கதீஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் படிப்பு என்றால் என்ன என்பது ருகையாவுக்கு ஏற்கெனவே தெரியும். எழுத்தின் உருவம்தான் புதிது. மூன்றாம் நாள் சொற்கள், ஐந்தாம் நாள் சிறு வாக்கியங்கள்.

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஜைனபு பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கினாள். ருகையா அதிலிருந்து கட்டுரை நோட்டை எடுத்துப் பிரித்தார். நான் யோசிக்குமுன் படிக்கத் தொடங்கிவிட்டார். “என்... தா...யா...ருக்குப் படிக்கத்... தெரி...யாது.”

ஜைனபின் கண் நிறைந்துவிட்டது. “உம்மா, அது டீச்சர் எழுதச் சொன்னது...”

“அழுவாத. பென்சிலக் குடு.”

ருகையா ‘தெரி’யை விட்டுவிட்டு ‘யாது’வை அடித்தார். “‘யும்’ எப்படிப் போடறது தங்கச்சி?” என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். கோணலாக, ஆனால் இடமிருந்து வலமாக எழுதினார். மகள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கதீஜா தன் தாளை நகர்த்தி, “எனக்கு இன்னும் ‘அ’னாவே வரல, இங்க பாருங்க,” என்று அதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி ஏறினேன். கேள்வித் தாளில் ‘எந்த எழுத்தில்?’ என்று ஒரு வரி கூடியது. புத்தகத்தின் அடுத்த அச்சுக்கு இரட்டை எழுத்துப் பக்கம் ஒன்று சேர்க்கப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். கதீஜா முதல் பாடத்தை முடித்துவிட்டதாகத் தனபாக்கியம் எழுதியிருந்தார்.

மதராஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய வாரமே, துணி வெளுக்கும் பொன்னம்மாள் மூட்டையோடு வந்தார். துணி மூலைகளைப் புரட்டி, மையில் போட்டிருந்த குறிகளைப் பார்த்துத் தெருவின் துணிகளையெல்லாம் வீடு வீடாகப் பிரித்தார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் குறி எது என்று கேட்டேன்.

“இதுகூடத் தெரியாதாம்மா?” என்று ஒரு புள்ளியையும் இரண்டு கோடுகளையும் காட்டினார். எனக்கு விவரம் தெரிந்த நாளாக என் துணிகளில் இருப்பது. அன்றுதான் படித்தேன்.