குறுக்கே ஓர் ஆமென்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் ஆலயம். ஞாயிறு ஆராதனை நடத்த, வேலூரிலிருந்து, சுரங்கத்துக்குப் புதிதாகப் போட்ட கிளை ரயிலில் வந்திருக்கிறேன். ஆண்கள் தொப்பியில் களிமண்ணை அப்பி, சுரங்க இருட்டுக்காக அதில் மெழுகுவத்தி செருகி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கெட்ட குமாரன் வீடு திரும்பும் இடத்துக்குப் பிரசங்கம் வரும்போது சுரங்கத்துச் சங்கு ஊதுகிறது. உடனே பெண்கள் எல்லோரும் சேர்ந்து உரக்க, “ஆமென்!” என்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. “நான் இன்னும் முடிக்கலையேம்மா!”

முன்னால் கைக்குழந்தையோடு இருப்பவள் எழுந்திருக்கிறாள். “சங்கு ஊதிட்டா நாங்க ஆமென் சொல்லிடுவோம் ஐயா. ஷிப்டுக்குப் போறவங்க ஆசீர்வாதம் வாங்காம கேஜ்ல ஏறி சுரங்கத்துல எறங்க மாட்டாங்க. அவங்கள அனுப்பிட்டு மீதிய எங்களுக்குச் சொல்லுங்க. அவங்க மேல வர்ற வரிக்கும் எங்களுக்கு இன்னா வேலை?”

கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுகிறேன். ஆண்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு போகிறார்கள். பெண்கள் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கோ விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை.

என் மனைவியும் இப்படித்தான். சாப்பாட்டுக்கு முன் என் ஜெபம் நீண்டால், பிள்ளைகளின் பசி பார்த்து, நடுவிலேயே “ஆமென்” என்பாள். நான் முறைப்பேன். அவள் பாட்டுக்குக் குழம்பை ஊற்றுவாள். அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு என்னை யாரும் நிறுத்துவதில்லை. ஜெபித்துவிட்டுக் கண் திறந்தால் சோறு ஆறிப்போயிருக்கிறது.