எழுதாமல் விட்ட பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் ஒரு அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அந்த முறை வருட இறுதி ஒன்றுகூடலை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கினேன். முந்தைய வருடம் நடந்த கூத்து அப்படி. ஆண்கள் சிலர் குடித்துவிட்டுத் தோணியில் ஏறி ஆட்டம் போட்டார்கள். திருவெம்பாவை விரதம் பிடித்தவர்களுக்கு வெறும் சோறும் பருப்பும்தான். எங்களோடு வேலை செய்யும் முஸ்லிம் பிள்ளைகள் இருவர் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்த முறை ஒரு குறையும் வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கல்குடாவில் இடம் பார்த்தேன். சாராயம் கிடையாது. மரக்கறிக்குத் தனிச் சட்டி, ஹலால் சமையலுக்குத் தனி ஆள். பெண்களைப் பொழுதுபடுமுன் வீட்டு வாசலில் இறக்க ஒரு வான் வண்டி. முகாமையாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு எதிர் மேசையில் ஒரு அக்கா. வாகரைப் பக்கத்தவர், எங்களில் மூத்தவர். அந்தப் புரட்டாதியில்தான் அவருடைய கணவர் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். சாவீட்டுத் துடக்குக் கழிந்தாலும் ஆண்டுத் திவசம் வரைக்கும் அப்படிப்பட்டவர்களைக் கொண்டாட்டங்களுக்குக் கூப்பிட எங்கள் பக்கத்தில் தயங்குவார்கள். நானும் தயங்கினேன். பாவம், கேட்டால் மனம் நோகும் என்று மற்றவர்களிடம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்லவேண்டும், அவர் வந்தால் மற்றவர்கள் சிரிக்கவும் யோசிப்பார்களே என்ற நினைப்பும் எனக்குள் இருந்தது. பரிசு மாற்றுவதற்குச் சீட்டு எழுதியபோது அவர் பெயரை எழுதவில்லை.

சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணியில் போட்டு, மேசை மேசையாக நான்தான் கொண்டுபோனேன். அவரிடம் வந்ததும் அசட்டுச் சிரிப்போடு கடந்துவிட்டேன். அவர் கையைப் பாதி நீட்டியிருந்தார். பிறகு அந்தக் கையாலேயே ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

ஒன்றுகூடல் நாளில் தொலைபேசி எடுக்க அலுவலகத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரே இருந்துகொண்டார். அன்றைக்கு மழையும் ஓய்ந்திருந்தது. நாங்கள் பாட்டும் விளையாட்டுமாக இருந்துவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் கேக் துண்டொன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதைத் தொடவில்லை.

"வரமாட்டன் எண்டு நான்தானே புள்ள சொல்லணும்," என்றார்.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமென்று நினைத்தேன் என்று இழுத்தேன்.

"தங்கச்சிர மகள் பெரியபிள்ளையான சடங்குக்கு என்னைப் பின்னுக்கு இருக்கச் சொன்னாங்க. பக்கத்து வீட்டில பொண்ணு பாக்க வந்த நேரம் எங்கட வீட்டுக் கதவச் சாத்தச் சொன்னாங்க. ஒபிஸ் ஒண்டு இருக்குத்தானே எண்டு இருந்தன்."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பின்னேரம் பார்த்தால் அது அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மன்னிப்பைப் பிறகு கேட்டேன். பரவாயில்லை என்றார். இப்போதும் எதிரெதிரேதான் இருக்கிறோம். முன்பெல்லாம் மதியம் கறி மாற்றிச் சாப்பிடுவோம், அது நின்றுபோனது. வேலையைப் பற்றி மட்டும் பேசுவார். அடுத்த வருடம் முதல் ஆளாக அவரிடம் போய்க் கேட்டேன். வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஊரார் அவரைச் சாத்திரம் பேசி ஒதுக்கினார்கள், நான் பாவம் பார்த்து ஒதுக்கினேன். இரண்டில் எது அவருக்கு அதிகம் வலித்தது என்று கேட்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.