தெரு நாய் என்று சொன்னேன்

பலசரக்குக் கடைக்குச் சரக்கு எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போன என் வீட்டுக்காரர், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு பரளச்சிக்கு வந்து இறங்கினார். வழியில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன நாய். பின்னங்கால் உடைந்திருந்தது. உடம்பெல்லாம் சொறி.

"சரக்கு வாங்கப் போனீகளா, நாய் பிடிக்கப் போனீகளா?" என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது.

"ரோட்டுல கெடந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

மனிதர் தூக்கி வந்ததோடு நிற்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார், வெறிநாய் ஊசி போட்டார், சொறிக்கு மருந்து வாங்கினார். தண்ணீருக்கு அல்லாடிய அந்தக் கோடையில் தன் குளியலில் பாதியை அதற்குக் கொடுத்தார். எனக்கு இத்தனை வருடத்தில் தலைவலிக்கு ஒரு தைலம் தேய்த்துவிட்டதில்லை!

கால் தேறியதும் கழுத்துப் பட்டை வாங்கிக் கட்டினார். ஊரே சிரித்தது. எங்கள் பக்கம் நாயைக் கட்டி வளர்க்கிற வழக்கம் இல்லை. ஒரு வீட்டில் சோறு தின்னும், தெருவுக்கே குரைக்கும். காவல் காத்தால் நம் நாய். கடித்துவிட்டால் தெரு நாய்.

"காட்டுல ஆட்டுக் கிடை போட்டிருக்காக. அவுத்து விட்ராத" என்று சொல்லிவிட்டுத்தான் ஒருநாள் காலையில் கடைக்குப் போனார். அது முனகிக்கொண்டே கிடந்தது. பொறுக்காமல் நான்தான் பட்டையை அவிழ்த்து விட்டேன்.

மத்தியானம் அது ஓடிவந்த பின்னாலேயே, நரிக்குடிப் பக்கமிருந்து வந்திருந்த கிடைக்காரர் வாசலில் நின்றார். தோளில் தொடை கிழிந்த ஆட்டுக்குட்டி, கையில் கம்பு.

"ஏத்தா, இது யாரு வளக்குற நாயி?"

பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "எங்களுது இல்லண்ணே. தெரு நாயி."

"அப்பச் சரி. கேக்க ஆளில்லாத நாயி. இன்னைக்கு ஆட்டக் கடிக்கும், நாளைக்கு மாட்டக் கடிக்கும், கடைசியில மனுசனக் கடிக்கும்" என்று குட்டியைக் கீழே விட்டுக் கம்பை ஓங்கினார்.

வம்பு வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அந்த ஒரு சொல் நாயின் உயிரை அவர் கையில் கொடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாயோ ஓடாமல் என் சேலையை ஒட்டி வந்து நின்றது.

"அடிக்காதீக அண்ணே! அது என் நாயி" என்று, சத்தம் கேட்டுத் தெருமுனைக் கடையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். "கட்டிப் போடாதது எங்க தப்பு. குட்டியக் குடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

கிடைக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, குட்டியை மொபெட்டில் முன்னால் வைத்துக் கிளம்பினார். அதற்கு ஊசி முடியும்வரை ஒரு தவணை தவறவில்லை. தினமும் கிடைக்கே போய்ப் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். கிடை அடுத்த ஊருக்கு நகர்ந்த பிறகும் தேடிப் போனார். ஏசிய மனிதர் கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

ஏன் அவிழ்த்தாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். இப்படி ஒரு மனிதருக்கு வாக்கப்பட்டதில் எனக்குப் பெருமை உண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

மறுவருட ஊசிக்கு அவர் ஊரில் இல்லை. நானே நாயை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரித் திண்டில் ஏழெட்டுப் பேர் ஆடு கோழியோடு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார்.

"நாய் யாருதும்மா?"

"என்னுது" என்றேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.