சுன்னத்துக்கு மூன்று கட்டில்

கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிற என் சகபாடிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

இத்தாலியில் பலெர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில் எங்கள் கிளினிக் இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் டொத்தோரேஸா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), நர்ஸ் சால்வோ, நான், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ஆபிரிக்கக் குடும்பங்கள்தான் வரும். பையன்களுக்குச் சுன்னத்துச் செய்ய வருவார்கள். இலங்கையில் மன்னாரில் முஸ்லிம் அயலவரின் சுன்னத்து வீட்டுச் சாப்பாடு பல தடவை சாப்பிட்டவள் நான், எனக்கு அதில் அதிசயம் இல்லை. அவர்கள் இத்தாலியனில் சொன்னதை நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

ஆம்பிளை இல்லையோ?

லாமின் காம்பியா நாட்டுக்காரர். வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. ஒருநாள் வந்து என் மேசை முன்னால் நின்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார். பிள்ளைக்கு வருத்தமோ என்றேன். இல்லை என்றார். "இஞ்சை ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய ஆட்களிடம் இது ஆண்களின் காரியம். பெண்கள் காதில் போடக் கூடாது. சால்வோ அன்று லீவு. ஆகவே நான் தேதிகள் எழுதியிருந்த பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு சனிக்கிழமையில் விரலை வைத்தார், நான் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நான் இஞ்சை வந்தது உங்களுக்குத் தெரியாது. நானும் உங்களைக் காணேல்லை."

தோடு போட்ட பாப்பா

காத்திருக்கும் அறையில் ஒரு சிஞ்ஞோரா, இந்த ஊர் இத்தாலிய அம்மா, தன் பேத்தியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் பிளெஸ்ஸிங் என்ற நைஜீரியப் பெண், கையில் புதுக் குழந்தை. எதற்கு வந்தீர்கள் என்று சிஞ்ஞோரா கேட்க, பிளெஸ்ஸிங் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். சிஞ்ஞோராவுக்கு முகம் மாறிவிட்டது. பாவம் பிள்ளை, வளர்ந்தபின் அவனே முடிவு செய்யட்டுமே, அவனைக் கேட்டீர்களா என்று ஒரு பிரசங்கமே வைத்தார்.

சண்டை வரப்போகிறது என்று நான் தண்ணீர்க் குவளையோடு எழும்பினேன். உண்மையைச் சொன்னால், சிஞ்ஞோரா சொன்னதில் எனக்கும் பாதி நியாயமாகத்தான் பட்டது. பிளெஸ்ஸிங் கோபிக்கவில்லை. மடியில் இருந்த பேத்தியின் காதுகளைப் பார்த்தாள். ஆறு மாதப் பாப்பா, இரண்டு காதிலும் பொன் தோடு. "வடிவான தோடு சிஞ்ஞோரா," என்றாள். "இவ எப்ப கேட்டவ?"

பையோடு வருகிறவர்

லாமின் தன் மனைவி மரியமாவோடும் மகன் மூசாவோடும் திரும்பி வந்தார். அன்றுதான் அறுவை செய்வது டொத்தோரேஸா என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு பெண்ணா? ஊரில் இருக்கும் அப்பாவுக்கு என்ன சொல்வேன் என்று இடிந்துபோய் உட்கார்ந்தார். அவருடைய சிநேகிதன் ஒருவன் வேறு வழி சொல்லியிருக்கிறான். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில், அதுதான் பெரிய ரயில் நிலையத்தில், வந்து இறங்குவார் ஒரு ஆள், பையில் எல்லாம் இருக்கும், வீட்டிலேயே முடித்துவிட்டுப் போய்விடுவார், முறைப்படியும் இருக்கும்.

டொத்தோரேஸா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும். அப்படி வீட்டில் வெட்டி, இரத்தம் நிற்காமல் தன்னிடம் கொண்டுவந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். பிழைத்தது, ஆனால் மயிரிழையில். "உங்கடை அப்பாவிலை எனக்குக் கோவம் இல்லை," என்றார். "அவருக்குச் செய்தவர் அந்த ஊரிலேயே இருந்தவர். அடுத்த நாளும் வந்து பாத்திருப்பார்."

மூசா என் மேசையடியில் நின்றான். ஐந்து வயது, என் பேனாவை எடுத்துக் கையில் மணிக்கூடு வரைந்துகொண்டிருந்தான். அதுவரை தலை குனிந்திருந்த மரியமாதான் பேசினாள்: "பையோடை வாறவர் ரயிலிலை திரும்பிப் போவார். ராவிலை பிள்ளை அழுதால் நான் எந்த ஸ்டேஷனுக்கு ஓடுறது?"

பூசைக்குப் பிறகு

இதற்கிடையில் எங்கள் ஆட்களின் தொல்லை வேறு. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது எங்கள் ஊர்த் திரேசக்கா பிடித்துக்கொண்டா. பச்சைப் பிள்ளைகளை வெட்டுகிற இடத்திலா வேலை, பாவம் இல்லையா, வேறு வேலை தேடித் தரட்டோ என்று கேட்டா.

"அக்கா, வருசப் பிறப்புப் பூசையிலை என்ன வாசிக்கிறவை? பிறந்த எட்டாம் நாள் யேசு பாலனுக்கும் இதைத்தானே செய்தவை?" என்றேன். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னா: "ஓம், அது சரி. ஆனால் அவர் அழுதிருக்க மாட்டார்."

தாத்தாவின் கேள்வி

லாமின் முடிவு சொல்லவில்லை. அப்பா சம்மதித்தால்தான் என்றார். கடைசியில் ஒருநாள் என் மேசை முன்னாலேயே வீடியோவில் ஊருக்கு எடுத்தார். திரையில் வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. லாமின் தங்கள் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். மனிதர் ஒளிக்கவில்லை. இடையில் டொத்தோரேஸா என்ற சொல் என் காதிலும் விழுந்தது, அவர் பெண் என்பதையும் சொல்லிவிட்டார். அந்தக் கிழவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் மூசா பைக்காரரிடம் போய்விடுவான்.

கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லாமின் என்னிடம் திரும்பி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார். "பொம்பிளையோ ஆம்பிளையோ, அது அவருக்குப் பிரச்சினை இல்லையாம். அவர் கேக்கிறார்: பெடியன் தனியாவோ படுத்திருக்கப் போறான்?"

சனிக்கிழமை

அவர்கள் ஊரில் ஒரே நாளில் சுன்னத்தான பையன்கள் ஒன்றாகப் படுத்து, ஒன்றாக ஆறி, சாகும்வரை கூட்டாளிகளாம். தனியாக வெட்டுப்பட்டவனுக்கு அந்த உறவு இல்லை. எங்கள் கிளினிக்கிலோ ஒரு காலைக்கு ஒரு பிள்ளை, ஒரு அறைக்கு ஒரு கட்டில். சுத்தம் பார்த்து நாங்கள் வைத்த சட்டமே அந்தக் கிழவரின் நெஞ்சில் குத்தியிருக்கிறது. நான் உடனே மாலி நாட்டுத் தாய் ஒருத்திக்கும் செனகல் நாட்டுத் தாய் ஒருத்திக்கும் போன் எடுத்தேன். அவர்களுடைய பையன்களும் மூசா வயதுதான், வேறு வேறு கிழமைகளில் தேதி. ஒரே நாளுக்கு மாற்றவா என்று கேட்டபோது இருவரும் காரணம் கேட்கவில்லை, மகிழ்ந்து அழுதார்கள். டொத்தோரேஸா, "இது என்ன, பஸ்ஸோ?" என்றார். சொல்லிவிட்டு, சால்வோவோடு சேர்ந்து தானே கட்டிலைத் தள்ளினார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் மூன்று பேரும் நீள வெள்ளை அங்கியோடு சாய்ந்திருந்து, ஆளையாள் பார்த்து முனகுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள். லாமின் திரையை மூன்று கட்டிலுக்கும் காட்டினார். கிழவர் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என்னடா மூன்று பேரும் குசுகுசுக்கிறீர்கள் என்று மூசாவைக் கேட்டேன். அவன் தகப்பனைப் போலவே கூரையைப் பார்த்தான். "சிஞ்ஞோரா, அது எங்கடை விஷயம். நீங்கள் பொம்பிளை, உங்களுக்குச் சொல்லேலாது."

ஆக, கட்டில் தேடி, தேதி மாற்றி, இரண்டு கண்டத்துக்கும் நடுவில் நின்று நாக்குத் தள்ளியவளுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாதாம்!