ரெஜீன் நின்ற கடவை

நான் வேலை செய்யும் பென்ரோஸ் கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம் ரெஜீனின் மகள் அழைத்தார். "அம்மா காலையில் போய்விட்டார். நாளைக்கே அடக்கம், எங்கள் வழக்கம் அப்படி," என்றார். பெட்டியை மூடிவிட்டேன்.

பக்குரங்காவில் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், பாதசாரிக் கடவையில் செம்மஞ்சள் மேலங்கியோடு நின்ற அந்தப் பிரெஞ்சு அம்மையாரை உங்களில் பலருக்குத் தெரியும். அவரோடு சேர்ந்து நிற்கும் பேறு எனக்கு வாய்த்தது. பேறு என்று இப்போது எழுதுகிறேன். அப்போது பெரிய தொல்லை. கார்களை நிறுத்தப் பிள்ளைகள் பிடிக்கும் 'நில்' பலகையை அவர்கள் கொஞ்சம் முந்தி மடக்கினாலும் திட்டு எனக்குத்தான். "கார் நிற்கும்வரை கார்க்காரனை நம்பாதே," என்பார். குளிருக்கு நான் கொண்டுபோகும் இஞ்சித் தேநீரை மட்டும் குறை சொல்லாமல் குடிப்பார்.

ஒனிஹங்காவில் நம்மவர்கள் வைத்த ஒரு கூட்டத்துக்கு அவரைப் பேச அழைத்தோம். தலைமை தாங்கிய மதுரை நண்பர் அறிமுகத்திலேயே உருகிவிட்டார். "ஜெர்மன்காரங்ககிட்ட அப்பா அம்மாவப் பறிகொடுத்தவங்க இவங்க!" ரெஜீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முழங்கையை இடித்தார். "ஜெர்மன் என்று ஏதோ சொல்கிறாரே? நான் அப்படிச் சொல்லவே இல்லையே?"

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாரிஸை ஜெர்மனி பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் அதோடு கைகோத்த பிரெஞ்சு அரசு, யூதர்களைப் பிடிக்கத் தன் பொலிஸையே அனுப்பியது. ஒரு விடியற்காலை ரெஜீன் வீட்டுக்கு வந்தவர், அவரை நாள்தோறும் கைபிடித்துத் தெருவைக் கடத்திப் பள்ளிக்கு அனுப்பிய பொலிஸ்காரர். தொப்பியைக் கழற்றிக் காலை வணக்கம்கூடச் சொன்னாராம். கீழ்வீட்டுத் தையற்காரி ஓடிவந்து, ஐந்து வயது ரெஜீனைத் தன் மகள் என்றார். அது பொய் என்று பொலிஸ்காரருக்குத் தெரியும். அதைக் காட்டிக்கொடுக்காமல் அப்பாவையும் அம்மாவையும் மட்டும் கொண்டுபோனார். வதைமுகாமிலிருந்து அவர்கள் திரும்பவில்லை.

சபையில் ஒருவர் எழுந்தார். "அப்ப அந்தப் பொலிஸ் நல்ல மனுசன்தானே? உங்களை விட்டவர் எல்லோ?"

நான் அதை மொழிபெயர்த்தபோது ரெஜீன் கோபப்படவில்லை. "என்னை விட்ட கைதான் என் அம்மாவைக் கொண்டுபோனது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அது என் கதை இல்லை," என்றார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், அப்படியானால் ஏன் கடவையில் வந்து நிற்கிறீர்கள் என்று. "யாராவது நிற்கத்தானே வேண்டும்," என்றார்.

அடக்கத்துக்கு நம் பழக்கத்தில் ஒரு பூமாலை வாங்கிப் போனேன். யூத அடக்கத்தில் பூ வைப்பதில்லையாம். மகள் என் கையில் மண்வெட்டியைத் தந்தார். நானும் மண் போட்டேன்; வாய்விட்டு அழுதேன். மாலை காரின் பின் இருக்கையிலேயே வாடிப்போனது.

மறுநாள் கடவையில் நான் தனியே நின்றேன். மேலங்கி அவருடையது, எனக்குத் தோளில் இறுக்கம். என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "ரெஜீனின் அப்பா அம்மாவைப் பிடித்தது ஜெர்மன்காரர்தானே?"

"இல்லைப் பிள்ளை. அவவைக் கைபிடிச்சு ரோட்டைக் கடத்திவிட்ட பொலிஸ்காரர்தான். பொய்யெண்டு தெரிஞ்சும் அவவை விட்டவரும் அவர்தான்."

அவள் தன் கையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். "அரசு சொன்னால் நீங்களும் அப்படிப் பிடித்துக்கொண்டுபோவீர்களா, அம்மா?"

ரெஜீன் எனக்கு விட்டுப்போனது இந்தக் கேள்வியைத்தான். "மாட்டன்," என்றேன், உடனேயே. கார் நிற்கும்வரை நம்பாத அவர் பக்கத்தில் நின்றிருந்தால் அவ்வளவு கெதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.